தையல் போட்ட கடைசி அத்தியாயம்

1958, ஆனி மாதம். ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி.

இலஞ்சியில் பால்வண்ணநாதன் வீட்டு மாடியறைக் கதவு திறக்கவில்லை.

முதலில் தள்ளிப் பார்த்தவர் அவருடைய நண்பர் சங்கிலிப்பாண்டி. கரிசல் ஊரான திருவேங்கடத்திலிருந்து முந்தின நாள் சாயங்காலம்தான் வந்து இறங்கியிருந்தார். இரண்டு கையாலும் தள்ளினார். பிறகு காதைக் கதவில் வைத்துக் கேட்டார்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு அண்ணாச்சி."

"உள்ள யாருவே இருக்கா தாழ்ப்பாள் போட? நீரும் நானும் இங்கனல்லா நிக்கோம்."

பால்வண்ணநாதனும் தள்ளிப் பார்த்தார். கதவு அசையவில்லை. சங்கிலிப்பாண்டி இரண்டடி பின்னால் போய்த் தோளைக் கொடுத்து மோதினார். மூன்றாவது மோதலில் கதவு 'படார்' என்று திறந்துகொண்டது.

கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் கம்பி வெளியே நீண்டிருந்தது. அந்தக் கம்பி போய் மாட்டிக்கொள்ளும் இரும்பு வளையம் நிலையிலிருந்து பிய்ந்து, ஒரே ஒரு திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அறைக்குள் யாரும் இல்லை. ஒரே ஜன்னல், அதன் கம்பிகள் ஐந்தும் அப்படியே இருந்தன. கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் மட்டும் பல் விழுந்த வாய்போல ஓர் இடைவெளி.

"போச்சு வே," என்று பால்வண்ணநாதன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஊமத்தம்பட்டி போச்சு."

போனது ஊரல்ல, புத்தகம். 'ஊமத்தம்பட்டி ஜமீன் மர்மம்'. அது போனதற்கு அந்த மனிதர் ஏன் தரையில் உட்கார வேண்டும் என்பது, அவரைத் தெரியாதவர்களுக்குப் புரியாது.

பால்வண்ணநாதனுக்கு இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே வயலும் தென்னந்தோப்பும் உண்டு. மனைவி இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் இல்லை. சீட்டு, வெற்றிலை, கோர்ட்டு வழக்கு, எதுவும் கிடையாது. ஒரே பைத்தியம் பூட்டிய அறைக் கதைகள்தான். உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறை. அதற்குள் ஒரு பிணம். கொன்றவன் மட்டும் இல்லை. எப்படிப் போனான்? இந்த ஒரு கேள்விக்காக மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளையும், ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் திரும்பிய குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளையும் சலித்திருந்தார். கொலைகாரன் சாதாரணமாக ஜன்னல் வழியாக வந்து போகிற நாவலென்றால், அதை வடை மடிக்கத் தென்காசிக் கடைக்குக் கொடுத்துவிடுவார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புத்தகத்தையும் முதலில் தான் படித்துவிட்டு, கடைசி அத்தியாயத்தின் தாள்களை ஓரத்தில் நூலால் தைத்துவிடுவார். இரவல் வாங்குகிறவர்கள் அதுவரை படித்து, கொலைகாரன் யார், கதவை எப்படி ஏமாற்றினான் என்று தங்கள் யூகத்தை நேரில் வந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பார். பொறுக்கமாட்டாமல் தாங்களே தையலைப் பிரித்தவர்களுக்கு அடுத்த புத்தகம் கிடையாது.

இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்ததே 'ஊமத்தம்பட்டி'தான். பதினைந்து வருஷங்களுக்கு முன், மனைவி போன மாதத்தில், தேரோட்டத்துக் கடையில் கைக்கு வந்த பிரதி. கடைசி அத்தியாயத்தைச் செல்லரித்திருந்தது. ஜமீன்தார் கத்திக்குத்துப் பட்டு உள்ளே தாழிட்ட அறையில் செத்துக் கிடக்கிறார். அதற்கு மேல் வெறும் கரையான் மண். துக்கம் கேட்க வந்து தங்கிய சங்கிலிப்பாண்டி, "அதை நான் முழுசும் படிச்சிருக்கேன் அண்ணாச்சி, மதுரையில வச்சு," என்று முடிவைச் சொன்னார். குத்தியவன் தம்பி. தம்பி ஓடிப்போன பிறகு, உயிர் போகிற நேரத்தில், அண்ணனே தவழ்ந்து வந்து உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்கிறார். தம்பியை யாரும் சந்தேகப்படக்கூடாது என்பதற்காக.

பால்வண்ணநாதன் அன்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அதன் பிறகுதான் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார். எந்த நாவலைப் படித்தாலும் கடைசியில், "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊமத்தம்பட்டி முடிவுக்கு முன்னால நிக்குமா?" என்பார். சங்கிலிப்பாண்டி தலையை ஆட்டுவார்.

இந்த ஆனியில்தான் பினாங்கிலிருந்து சேதமில்லாத பிரதி வந்தது. அதை மட்டும் அவர் படிக்காமலே தைத்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து பிரிப்பதாக ஏற்பாடு.

காலை ஏழரை மணி.

கால் மணி நேரம் தரையில் இருந்தவர் எழுந்தார். முகத்தில் வேறு ஒரு களை வந்துவிட்டிருந்தது.

"வே பாண்டி. இது பூட்டின அறை. நம்ம வீட்டுலயே வந்திருக்கு பாத்தீரா. போனவன் எப்படி வே போனான்?"

சங்கிலிப்பாண்டியால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பதினைந்து வருஷப் பழக்கம். குனிந்து கதவோரத்தில் கிடந்த ஒரு சணல் துண்டை எடுத்தார்.

"கம்பியில சணலை மாட்டி, கதவைச் சாத்திட்டு, இடுக்கு வழியா வெளியே இருந்து இழுத்திருக்கான். தாழ்ப்பாள் விழுந்துட்டு. சணலை உருவும்போது துண்டு அறுந்திருக்கு."

"சபாஷ். சணல்." பால்வண்ணநாதன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. "இது வாருகோலைக் கட்டுத சணல்லா."

வீட்டில் வாருகோல், அதாவது துடைப்பம், கட்டுகிறவள் ஒருத்திதான். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் சமைத்து, கூட்டி, அலமாரி தூசி தட்டுகிற வள்ளித்தாய். அந்த நேரத்தில் பால் செம்போடு முற்றத்தில் நுழைந்துகொண்டிருந்தாள். போன மாதம் மதராசிலிருந்து ஒரு புத்தக வியாபாரி வந்து அலமாரியை நோட்டம் விட்டுப் போனதுகூடப் பால்வண்ணநாதனுக்கு நினைவு வந்தது. அவனுக்கு எடுத்து விற்றிருப்பாளோ? மாடியிலிருந்தே கேட்டார்.

"ஏட்டி வள்ளித்தாயி, மேல இருந்த புத்தகத்தை எடுத்தியா?"

பால்காரர் வாசலில் நின்றார். மத்தியானத்துக்குள் இலஞ்சி முழுக்கத் தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. தென்காசி போலீஸ் நிலையம்.

பால்வண்ணநாதன் புகார் கொடுக்கவில்லை. கொடுக்க வந்தவள் வள்ளித்தாய்.

"என்னைத் திருடின்னு ஊரே சொல்லுது. எடுத்தேனா இல்லையான்னு நீங்க பாத்துச் சொல்லிருங்கய்யா. எடுத்திருந்தா உள்ள வையிங்க."

சப்-இன்ஸ்பெக்டர் ஆதம் பேனாவைக் கீழே வைத்தார். புகார் கொடுக்க வருகிறவர்கள் பொதுவாக இப்படிப் பேசுவதில்லை.

"என்ன அவசரம் உனக்கு?"

"வெள்ளிக்கிழமை ஆய்க்குடியில இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பூ வைக்க வாராக. எம்மக பேராச்சிக்கு. நேத்து ஆள் விட்டுக் கேட்டிருக்காக, 'பொண்ணோட தாயி மேல ஏதோ பேச்சாமே'ன்னு. இது தீராம அவுக வரமாட்டாக."

ஆதம் சைக்கிளை எடுத்தார். அவரும் பால்வண்ணநாதனிடம் இரவல் வாங்குகிறவர்தான். ஒருமுறை தையலைப் பிரித்து மாட்டிக்கொண்டு, மூன்று மாதம் புத்தகமில்லாமல் இருந்தவர்.

பகல் பன்னிரண்டு மணி. இலஞ்சி.

சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. வாசல் கதவைத் திறக்க ஆதம் தோளைக் கொடுக்க வேண்டியிருந்தது. கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனார். பின்கதவின் அருகே அம்மிக்குழவி ஒன்று கிடந்தது.

"இது எதுக்கு இங்கன கெடக்கு?"

"ராத்திரி கதவுக்கு அண்டக் குடுப்பேன் தம்பி. நாய் வந்துருது," என்றார் பால்வண்ணநாதன்.

குளியலறையில் ஆதமோடு வந்த கான்ஸ்டபிள் மழையில் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். ஆனி ஆடியில் இலஞ்சிக்காரர்கள் குளிக்கும்போது பாடுவார்கள். சங்கீதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

விசாரணை கூடத்தில் நடந்தது.

"சனிக்கிழமை ராத்திரி வீட்டுல யாரு யாரு?"

"நானும் பாண்டியும். வள்ளித்தாயி பொழுதடையப் போயிட்டா."

"புத்தகத்தைக் கடைசியா எப்பம் பாத்தீக?"

"விளக்கு வச்சப்போ. பாண்டிக்குக் காட்டினேன். பெறவு கதவை இழுத்துச் சாத்திட்டு நான் கீழ வந்து படுத்தேன். அவரு மாடி வராந்தாவுல படுத்தாரு."

"அறையில நீங்க உள்ள தாழ்ப்பாள் போடுவீகளா?"

"நான் தனி ஆளு. யாருக்குப் பயந்து போட?"

ஆதம் சங்கிலிப்பாண்டியின் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி சீசனுக்கு வருசா வருசம் வருவீகளோ?"

"இதுதான் முதல் தடவை. ஆனி ஆடியில எங்களுக்குக் கரிசல்ல உழவு. நான் வந்தா பங்குனி, சித்திரையிலதான் வருவேன். புத்தகம் வந்திருக்குன்னு எழுதினதால ஓடியாந்தேன்."

"உங்க ஊருல மழை உண்டா?"

"எங்க ஊருலயா." சங்கிலிப்பாண்டி சிரித்தார். "கதவுப் பலகையில விரிசல் விட்டு, விரலை உள்ள நுழைக்கலாம். அவ்வளவு வறட்சி."

"இங்க எங்க குளிக்கீக?"

"அருவியிலதான். குற்றாலத்துக்கு வந்துட்டு வாளித் தண்ணியிலயா குளிக்க?"

பிறகு ஆதம் தனியாக மாடிக்குப் போனார். தொங்கிய வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். கீழே விழுந்திருந்த திருகாணியைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கதவை இரண்டு மூன்று முறை சாத்தித் திறந்தார். இறங்கி வரும்போது முகத்தில் சந்தோஷம் இல்லை.

"வியாழக்கிழமை வாரேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் வீட்டுலயே இருங்க."

வியாழக்கிழமை, மாலை நான்கு மணி.

ஆதம் வரும்போது வள்ளித்தாயையும் கூட்டி வந்தார். அவள் மாடி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டாள். ஆதம் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, வளையத்தைப் பழைய துளைகளிலேயே வைத்துத் திருகாணிகளை முடுக்கினார். கதவை இழுத்துச் சாத்தினார்.

"தாழ்ப்பாளைப் போடுங்க, அண்ணாச்சி."

சங்கிலிப்பாண்டி கம்பியைத் தள்ளினார். அது வளையத்தின் விளிம்பில் போய் 'டக்' என்று இடித்து நின்றது. மறுபடி தள்ளினார். மறுபடியும் இடித்தது. பால்வண்ணநாதன் அவரை விலக்கிவிட்டுத் தானே பிடித்துத் தள்ளினார். உள்ளே போகவில்லை.

"போகாது," என்றார் ஆதம். "சாரல்ல கதவு ஊதியிருக்கு. நிலையில முழுசா உக்காரமாட்டேங்குது. கம்பிக்கும் வளையத்துக்கும் ஒரு விரற்கடை தூரம் இருக்கு. இந்த வீட்டுல பின்கதவுக்கு அம்மிக்குழவி, குளியலறைக்குப் பாட்டு. ஆனி பொறந்ததுல இருந்து இங்க ஒரு தாழ்ப்பாளும் விழல. சணலைக் கட்டி இழுத்தாலும் சரி, சங்கிலியைக் கட்டி இழுத்தாலும் சரி."

பால்வண்ணநாதன் கம்பியை இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார். உலகத்தில் அச்சான கதைக் கதவுகளையெல்லாம் அறிந்தவர். தினமும் ராத்திரி குழவியை உருட்டுகிற தன் வீட்டுக் கதவை அவர் நினைக்கவே இல்லை.

"அப்போ காலைல கதவு திறக்கலையே தம்பி."

"இறுகிப் போயிருந்துது. இந்த மாசத்துல இழுத்துச் சாத்தின எந்தக் கதவும் அப்படித்தான். தாழ்ப்பாளுக்கு ஒரே சாட்சி பிய்ஞ்சு கெடந்த வளையம். இந்தத் திருகாணியைப் பாருங்க. மோதிப் பிய்ஞ்சா மரத்தூள் ஒட்டியிருக்கும், துளையும் கிழிஞ்சிருக்கும். இது சுத்தமா இருக்கு. துளையும் முழுசா இருக்கு. முந்தின ராத்திரியே கத்தி முனையால கழத்தியிருக்காங்க. கம்பியையும் வெளியே நீட்டி விட்டிருக்காங்க. கழத்தினவருக்கு இந்தத் தாழ்ப்பாள் நல்லா விழும்னு நெனைப்பு. சித்திரையில பாத்து வச்சது அப்படி. விரிசல் விட்ட கதவையே பாத்து வளந்தவரு. ஈரத்துல மரம் ஊதும்னு அவருக்கு எப்படித் தெரியும்? அருவியிலயே குளிச்சவருக்கு இங்க குளியலறைத் தாழ்ப்பாள் விழலைன்னும் தெரியாது. வள்ளித்தாயியா இருந்தா இந்தப் பொய்யைக் கனவுலகூட சொல்லமாட்டா. அவ இந்த ஊர்க்காரி."

ஆதம் பால்வண்ணநாதன் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை காலைல 'தாழ்ப்பாள் போட்டிருக்கு'ன்னு முதல்ல சொன்னது யாரு?"

பால்வண்ணநாதன் மெதுவாக நிமிர்ந்தார். சங்கிலிப்பாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புத்தகம் சாம்பலாகியிருக்காது," என்றார் ஆதம், சங்கிலிப்பாண்டியிடம். "உங்களால அதை எரிக்க முடியாது. எடுத்துட்டு வாங்க."

சங்கிலிப்பாண்டி வராந்தாவுக்குப் போய், தன் படுக்கைச் சுருளான ஹோல்டாலைப் பிரித்தார். வேட்டிகளுக்கு நடுவிலிருந்து பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். கடைசி அத்தியாயத்தின் தையல் பிரிந்திருந்தது.

"படிச்சீரா?" என்று கேட்டார் பால்வண்ணநாதன்.

"சனிக்கிழமை ராத்திரியே."

"ஜமீன்தார் தவழ்ந்து வந்து தாழ்ப்பாள் போடுத எடத்தை எப்படி எழுதியிருக்கான்?"

சங்கிலிப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்படி ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சுரங்கம். கட்டிலுக்கு அடியில சுரங்கப் பாதை. கொன்னவன் திவான். அவ்வளவுதான்."

"சுரங்கமா?"

"சுரங்கம்தான். நான் அந்தப் புத்தகத்தைப் படிச்சதே இல்ல. அன்னைக்கு நீங்க சாப்பிடாம, தூங்காம கெடந்தீக. முடிவு தெரியலையேன்னு திரும்பத் திரும்பக் கேட்டீக. ஏதாவது சொல்லணும்னு சொன்னேன். நீங்க அதைப் பிடிச்சுக்கிட்டீக. பெறவு எங்க போய் மாத்திச் சொல்ல? முழுப் புத்தகம் வந்திருக்குன்னு நீங்க எழுதினப்போ எனக்குத் தூக்கம் போச்சு. எடுத்து ஒளிச்சிருவோம்னுதான் நெனச்சேன். உங்களுக்குப் பூட்டின அறை பிடிக்குமே, காணாம போனாலும் அப்படிப் போகட்டும்னு..."

மேஜைமேல் இருந்த புத்தகத்தை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

பால்வண்ணநாதனுக்கு நெஞ்சு எரிந்தது. புத்தகத்துக்காக இல்லை. மனைவி போன பிறகு அவரைப் பிடித்து நிறுத்திய ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வாய்க்கு வந்தபடி சொன்ன பொய். பதினைந்து வருஷம், ஒவ்வொரு புத்தகத்தையும் அந்தப் பொய்யோடு ஒப்பிட்டு, அந்த மனிதன் எதிரிலேயே மெச்சியிருக்கிறார். அவனும் தலையை ஆட்டியிருக்கிறான்.

"உம்ம கதைன்னு ஒரு நாள் சொல்லியிருக்கலாமே வே," என்றார். "நான் ஒண்ணும் குறைச்சு நெனச்சிருக்க மாட்டேனே. ஊரெல்லாம் உம்மைப் பத்திச் சொல்லியிருப்பேனே."

சங்கிலிப்பாண்டி அழுதார். அந்த அழுகையைப் பார்த்ததும் பால்வண்ணநாதனுக்குள் ஏதோ இளகியது. எத்தனையோ முறை நினைத்து நினைத்து உருகிய, தம்பிக்காக அண்ணன் தாழ்ப்பாள் போடும் அந்தக் காட்சி அவரை இப்போதும் விடவில்லை. ஆதமின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, புத்தகம் கெடச்சிட்டு. அலமாரிக்குப் பின்னால விழுந்து கெடந்துதுன்னு சொல்லிருவோம். இவரு பேரு வெளிய வரவேண்டாம். பெரிய மனுசன்."

ஆதம் திருப்புளியைப் பையில் போட்டார். பேசியவள் வாசலில் நின்றவள்.

"அலமாரியைத் துடைக்கது நான்தான்யா," என்றாள் வள்ளித்தாய். "அங்கன கெடந்துதுன்னு சொன்னீகன்னா, நான்தான் ஒளிச்சு வச்சேன், மாட்டிக்கிடுவோம்னு திருப்பி வச்சிட்டேன்னு சொல்லுவாக. ஆய்க்குடிக்காரங்க நாளைக்கு வாராக."

பால்வண்ணநாதன் நண்பரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சங்கிலிப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ சொல்லுதது சரிதான்," என்று முணுமுணுத்தார். ஹோல்டாலைச் சுருட்டிக் கட்டி எடுத்துக்கொண்டு, விடைபெறாமல் படி இறங்கிப் போனார். பால்வண்ணநாதன் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி.

வள்ளித்தாயின் வீட்டு முன்னால் ஓலைப் பந்தல். பூத்தட்டோடு ஆய்க்குடிக்காரர்கள் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முகங்கள் இன்னும் இறுகித்தான் இருந்தன. பால்வண்ணநாதன் குடையை மடக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்தார். அந்தத் தெருவுக்குள் அவர் நுழைந்தது அதுதான் முதல் முறை. பின்னால் ஆதம் நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க," என்றார், தெருக்கோடி வரை கேட்கும்படி. "எம் வீட்டுல புத்தகம் களவுபோனது நெசம். எடுத்தது எம் சிநேகிதன், திருவேங்கடம் சங்கிலிப்பாண்டி. இன்ஸ்பெக்டர் கண்டுபிடிச்சு, புத்தகமும் வந்துட்டு. வள்ளித்தாயிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

சிநேகிதன் பேரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஆனாலும் முழுப்பேரையும் சொன்னார். பாயில் இருந்த பெரியவர் ஒருவர் ஆதமைப் பார்த்தார், ஆதம் தலையசைத்தார். பூத்தட்டு உள்ளே போனது.

பேராச்சியின் தலையில் பூ ஏறிய பிறகு வள்ளித்தாய் வெளியே வந்தாள். பால்வண்ணநாதன் அவளுக்காகத்தான் காத்திருந்தார்.

"ரொம்பச் சந்தோசம் தாயி. அவன் இப்படி மோசம் பண்ணுவான்னு நான் கண்டேனா. நாளைக்குக் காலைல வந்துரு. அஞ்சு நாளா அடுப்பு மூட்டலை."

"நான் வரலைய்யா."

"அதான் ஊர் முன்னால சொல்லிட்டேனே. இன்னும் என்ன?"

"அந்த ஆளு எம்பேரைச் சொல்லவே இல்லய்யா," என்றாள். குரலில் கோபம் இல்லை. "அவரு சணலைத்தான் காட்டினாரு. 'எடுத்தியா'ன்னு கேட்டது நீங்க."

பந்தலுக்கு வந்த எல்லாருக்கும் கொடுத்ததுபோலவே அவருக்கும் வெற்றிலைத் தட்டை நீட்டினாள். அவர் எடுத்துக்கொள்ளும்வரை நின்றாள். பிறகு ஆய்க்குடிக்காரர்களுக்கு இலை போட உள்ளே போய்விட்டாள்.